காடி ஆசை குறைஞ்சா குத்தமா?

பழைய காடி வச்சிருக்கிற எங்க டுரியான் துங்கால் செட்டு உங்களுக்குத் தெரியும். ஆயுத பூஜைக்குக் கோயில் வாசல்ல மாலையோட நிக்குமே, அந்த டட்சன் 120ஒய், மோரிஸ் மைனர் எல்லாம் எங்களுதுதான்.

ஒரு காலத்துல ஞாயித்துக்கிழமை கார்புரேட்டரைப் பிரிச்சுக் கழுவி, இஞ்சின் சத்தம் சீரானாத்தான் எங்களுக்குச் சோறு இறங்கும். இப்போ காடிக்கு அடியில படுத்தா, தூக்கிவிட ஆள் வேணும். மோரிஸ் மைனர் தயாரிப்பு நின்னு 50 வருசத்துக்கு மேல ஆச்சு. சாமான் தேடி அலையத் தெம்பு இல்லை. உண்மையைச் சொன்னா, ஆசையும் குறைஞ்சு போச்சு.

அதுல வெக்கம் இல்லை. ஆனா ஆசை போன பிறகும் சாவியை இறுக்கிப் பிடிக்கிறோமே, அதுதான் தப்பு. ஓடாம நிக்கிற காடியில பெட்ரோல் கெட்டுப்போகும், ரப்பர் வெடிக்கும், பிரேக் இறுகிடும். ஓடுறப்பவே இளைஞர் கையில கொடுத்தா, சோக் எவ்வளவு இழுக்கணும்னு பக்கத்துல உக்காந்து சொல்லித் தரலாம்.

மலாக்கா பொய்யாத விநாயகர் கோயில் 1781-ல கட்டினது. அங்க விளக்கேத்தின கை எத்தனை மாறியிருக்கும்! கை மாறினதாலதான் விளக்கு அணையலை.

நம்ம கோயில் ஸ்டோர் சாவி, அன்னதானப் பொறுப்பு எல்லாத்துக்கும் இதே கணக்குத்தான். நாங்களும் யோசிக்கிறோம், நீங்களும் யோசிங்க.

வர்ற ஆயுத பூஜைக்குப் பிள்ளைங்க காடி ஓட்டட்டும். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் நாங்க வைக்கிறோம்.

முருகா சரணம்.