திரை மினுங்கினால் அவசரப்படாதீர்!



சென்ற மாதம் எம் மத்ரஸா மாணவர் ஒருவர் தம் மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்தவாறு என்னிடம் வந்தார். பகலில் கிதாபும், இரவில் தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. பாடமும் படிப்பவர். "ஹஜ்ரத், திரை மினுங்குகிறது. புதுத் திரை போட வேண்டுமாம். ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய் கேட்கிறார்கள். உம்மாவிடம் எப்படிச் சொல்வேன்?" என்றபோது குரல் தழுதழுத்தது. அந்தக் கணினியே அவருடைய தாயார் பீடி சுற்றிச் சேர்த்த காசில், பிறர் பயன்படுத்திய பிறகு வாங்கியது. கடைக்காரரோ அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. மினுங்குவதைக் கண்டார், விலை சொன்னார்.

நாடி பார்க்காமல் மருந்து எழுதும் ஹகீமிடம் நாம் போவோமா? நான் கலைப் பட்டதாரி, மின்னணுவியல் கற்றவனல்லன். ஆயினும் ஒரு திருகாணியைக்கூடத் தொடாமல், குறை எங்கே இருக்கிறது என்பதைப் பெரும்பாலும் வீட்டிலேயே கண்டுகொள்ளலாம்.

முதலில், குறை மென்பொருளிலா, கருவியிலா என்று பிரித்தறிய வேண்டும். கணினியை அணைத்து மீண்டும் இயக்குங்கள். விண்டோஸ் எழுமுன்பே பயாஸ் எனும் அமைப்புப் பக்கத்துக்குச் செல்லுங்கள். பல கணினிகளில் எஃப்2 விசையும், சிலவற்றில் எஃப்10 அல்லது டெலிட் விசையும் அங்கே அழைத்துச் செல்லும். அங்கும் திரை துடித்தால் விண்டோஸின்மீது பழியில்லை. குறை கருவியில் இருக்கிறது. அங்கே அமைதியாக நின்று, விண்டோஸ் வந்த பிறகே துடித்தால், கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒருசேர அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறவுங்கள். மற்றவை மினுங்க அது மட்டும் அசையாதிருந்தால், ஏதோ ஒரு செயலியின் வேலை. அண்மையில் நிறுவியதை நீக்கிப் பாருங்கள். அதுவும் சேர்ந்து மினுங்கினால், திரையை இயக்கும் டிரைவரைச் சந்தேகிக்கலாம். அதை மீண்டும் நிறுவுவதற்கோ, புதுப்பித்த பின் தொல்லை தொடங்கியிருந்தால் பழையதற்கே திரும்புவதற்கோ காசு செலவில்லை.

எம் மாணவரின் கணினி பயாஸிலும் துடித்தது. அடுத்து அதை எச்.டி.எம்.ஐ. வயரால் தொலைக்காட்சியுடன் இணைத்தோம். அங்கே படம் அசையாமல் நின்றது. தொலைக்காட்சியிலும் துடித்திருந்தால் படத்தை உருவாக்கும் பாகத்திலேயே கோளாறு என்று அஞ்சியிருப்பேன், அது பெருஞ்செலவு. ஆகவே எஞ்சியவை இரண்டே: திரை, அல்லது அதற்குச் செல்லும் கேபிள்.

மூடியை மெல்ல முன்னும் பின்னும் அசைத்தேன். ஒரு கோணத்தில் தெளிவு. இன்னும் சற்று விரித்தால் துடிப்பு. கள்ளன் அகப்பட்டுக்கொண்டான்! படத்தையும் பின்னொளிக்கான மின்சாரத்தையும் திரைக்குச் சுமந்து செல்லும் மெல்லிய கேபிள், கீலின் வழியாகத்தான் போகிறது. மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அது வளைகிறது. நாளடைவில் உள்ளிருக்கும் நுண்கம்பிகள் இற்றுப்போகலாம். முனையிலுள்ள கனெக்டர் மயிரிழை நழுவலாம். எவ்வளவு அசைத்தாலும் மாறாமல் ஒரே இடத்தில் கோடுகள் நின்றால், அப்போது திரையைச் சந்தேகியுங்கள். திரை இருண்டுபோய், கைவிளக்கைச் சாய்த்துப் பிடிக்கையில் படம் மங்கலாகத் தெரிந்தால், படம் வருகிறது, பின்னொளிதான் வரவில்லை.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த இன்னொரு மாணவர், "அந்தக் கோணத்திலேயே நிறுத்திக் காட்டி விற்றுவிடலாமே!" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். மதீனத்துக் கடைவீதியில் நனைந்த தானியத்தை அடியில் மறைத்து வைத்திருந்தவரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த ஹதீஸை அவருக்கு ஓதிக்கொடுத்தவன் நானே. அவரை ஏறிட்டுப் பார்த்தேன், தலையைக் குனிந்துகொண்டார்.

கண்டுபிடித்த ஆர்வத்தில் நாமே பிரித்துப் பார்க்கலாமா? கைப்பழக்கம் இல்லாதோர் வேண்டாம் என்பேன். பேட்டரியின் இணைப்பைக் கழற்றாமல் திரைக் கேபிளைத் தொட்டால் பின்னொளியின் ஃப்யூஸ் எரியக்கூடும். நானூறு ரூபாய் வேலை நாலாயிரமாகிவிடும். கணினியின் அடிப்பாகம் உப்பியிருந்தால், பேட்டரி வீங்கியிருக்கலாம். அதை அழுத்தாமல், சார்ஜ் ஏற்றாமல் உடனே உரியவரிடம் கொண்டு செல்லுங்கள்.

இன்னொன்று. பழுதுபார்க்கக் கொடுக்குமுன் வீட்டுப் பெண்களின் படங்களையும் குடும்ப ஆவணங்களையும் வேறிடத்தில் நகலெடுத்துவிட்டுக் கணினியிலிருந்து நீக்கிவிடுங்கள். திரைக்கேபிளைப் பார்ப்பவருக்குக் கடவுச்சொல் தேவையே இல்லை. கேட்டால் காரணம் கேளுங்கள்.

நாங்கள் வேறொரு கடைக்குச் சென்றோம். "திரை வேண்டாம், கேபிளைப் பாருங்கள்" என்றதும் அந்த இளைஞர் எங்கள் கண்ணெதிரிலேயே சட்டத்தைக் கழற்றினார். நழுவியிருந்த கனெக்டரைப் பொருத்தி, அதன்மேல் புதிய ஒட்டுநாடாவை ஒட்டினார். கீலருகே கேபிளின் உறை தேய்ந்திருப்பதையும் காட்டி, "இப்போதைக்கு ஓடும். மீண்டும் துடித்தால் கேபிளை மட்டும் மாற்றினால் போதும்" என்றார். கூலி நானூறு ரூபாய். அல்ஹம்துலில்லாஹ், தேர்வு முடியும்வரை அது துடிக்கவில்லை.

ஒரு மூலையைப் பிடித்து மூடியைத் தூக்கும் பழக்கம் மாணவருக்கு இருந்தது. அதனால் கீல் முறுக்கேறும். இப்போது நடுவில் விரல் வைத்துத்தான் திறக்கிறார்.