மலையின் மறுபக்கம்

ஏற்காட்டுச் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணிவிட்டு மலையின் வடிவை அறிந்தோம் என்றால், குப்பனூர்ப் பக்கச் சரிவை மறந்தவர்களாவோம். கருவிழியை அளக்கும் வழக்கமான கருவி செய்வதும் இதுவே. முன்வளைவை மட்டும் அளந்து, பின்வளைவை 1.3375 என்னும் நிலையெண்ணால் ஊகித்துக்கொள்கிறது. இயல்பான கண்ணுக்கு அவ்வூகம் ஏறத்தாழப் பொருந்தும். கிட்டப்பார்வைக்கு லேசர் சிகிச்சை பெற்ற கண்ணிலோ முன்பரப்பு மட்டுமே தட்டையாகிறது, விகிதம் பிறழ்கிறது, கருவிழியின் திறன் மிகையாகத் தெரிகிறது.

பின்னாளில் கண்புரை வரும்போதுதான் இதன் விலை புரியும். பிழையான அளவை நம்பினால் திறன் குறைந்த உள்விழி லென்ஸ் பொருத்தப்படும். புரை நீங்கியும் தூரப்பார்வைக் குறை எஞ்சும். 1992இல் மதுரையில் தொடங்கிய அரோலேப் உள்விழி லென்ஸை எளியோர்க்கும் எட்டச் செய்தது. எந்த லென்ஸ் என்பதை அளவுதானே சொல்லவேண்டும்?

பின்பரப்பையும் அளக்கும் கருவிகளும் தனிச் சூத்திரங்களும் இன்று உண்டு. ஆனால், லேசர் செய்த கண் என்று மருத்துவர் அறிந்தாலன்றோ அவை பயன்படும்? திருமணத்தை முன்னிட்டுக் கண்ணாடியைத் துறந்தோர் பலர் அதைச் சொல்லவே கூசுகின்றனர். கூச்சம் வேண்டா. சிகிச்சைக்கு முந்தைய அளவுச் சீட்டைக் கேட்டு வாங்குவோம். வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வைப்போம்.