அம்மாவின் கட்டைவிரல்

"கைரேகை வைக்காதவங்களுக்கு அரிசி கட்டாம்!"

மாதவரம் பால் பண்ணைப் பக்கம் இப்படி ஒரு பேச்சு. பி.காம். மூளை சும்மா இருக்குமா? பட்ஜெட் போட்டேன். 2011-லிருந்து காசில்லாமல் வரும் அரிசி, 30 ரூபாய் துவரம்பருப்பு, 25 ரூபாய் பாமாயில்... எல்லாம் நின்றால் மாதம் எவ்வளவு துண்டு விழும்?

அம்மா சிரித்தாள். 2017-ல் உளுந்து நின்றதையும், அந்த நவம்பரில் சர்க்கரை 13.50-லிருந்து 25 ரூபாய் ஆனதையும் சமாளித்தவள். (இட்லி வாரம் ஒருநாள்தான்!)

"கணக்க விடுடா. என் வெரலப் பாரு!"

பாத்திரம் தேய்த்துத் தேய்த்து ரேகையும் தேய்ந்துவிட்டது. ரேஷன் கடை மெஷின் மூன்று தடவை அம்மாவைத் தெரியாது என்றுவிட்டது. நாலாவது தடவை தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு கிளம்பினோம்.

வரிசையில் எங்களுக்கு முன்னால் ஆறு பாட்டிகள். ஆளுக்கொரு எண்ணெய்ப் புட்டி.