மூழ்கிய நீர்மூழ்கிக் கப்பலில் இருந்து தப்பிப்பது ஏன் இவ்வளவு கடினம்?

2000 ஆகஸ்ட் 12. பேரன்ட்ஸ் கடலில் டார்பிடோ வெடித்து, ரஷ்யாவின் குர்ஸ்க் நீர்மூழ்கிக் கப்பல் 118 பேருடன் மூழ்கியது. வெடிப்புக்குப் பிறகும் பின்பகுதியில் 23 பேர் உயிரோடு இருந்தார்கள். அங்கேயே அவசரகால வழியும் இருந்தது. கடலின் ஆழம் 108 மீட்டர்தான்; கப்பலின் நீளமே 150 மீட்டருக்கு மேல்! ஆனாலும் ஒருவர்கூட வெளியே வரவில்லை. ஏன்?

மூடியைத் திறந்துவிட்டு நீந்தி வர வேண்டியதுதானே?

அங்கேதான் சிக்கல். ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடும். 100 மீட்டரில், 70 செ.மீ. விட்டமுள்ள மூடியை ஏறக்குறைய 40 டன் எடை அழுத்தும். எத்தனை பேர் சேர்ந்து தள்ளினாலும் அசையாது. அதனால் தப்பிப்பதற்கென்றே உள்ள சிறிய அறைக்குள் நுழைந்து, உள்கதவை மூடி, கடல்நீரை உள்ளே விட வேண்டும். இரு பக்கமும் அழுத்தம் சமமான பிறகே வெளிமூடி திறக்கும்.

மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வரலாமா?

கூடவே கூடாது. அந்த அறையில் சுவாசித்தது அழுத்தப்பட்ட காற்று. 100 மீட்டர் ஆழத்தில் 1 லிட்டராக இருப்பது, கடல் மட்டத்துக்கு வரும்போது 11 லிட்டராக விரியும். மூச்சை அடக்கினால் நுரையீரல் கிழிந்துவிடும்; வழியெல்லாம் மூச்சை வெளியே விட்டுக்கொண்டே வர வேண்டும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. அதிக அழுத்தத்தில் நீண்ட நேரம் இருந்தால் உடலில் நைட்ரஜன் கரையும். மேலே வரும்போது அது குமிழ்களாகி மூட்டு, தண்டுவடம், மூளையைத் தாக்கும். எனவே எல்லாம் சட்டென்று முடிய வேண்டும். தலையை மூடும் காற்றுப்பை கொண்ட பிரத்யேக உடை அணிந்தால் இயல்பாகச் சுவாசிக்கலாம். அதற்கும் எல்லை சுமார் 180 மீட்டர்.

உள்ளேயே காத்திருந்தால்?

ஆக்சிஜன் தீர்வதற்கு முன்பே, வெளிவிட்ட கார்பன் டை ஆக்சைடு ஆளைச் சாய்த்துவிடலாம். குர்ஸ்கில் ஆக்சிஜன் தர வேண்டிய ரசாயனமே தண்ணீரும் எண்ணெயும் பட்டுத் தீப்பிடித்தது. மிச்சமிருந்த காற்றும் நஞ்சானது. நார்வே முக்குளிப்பு வீரர்கள் மூடியைத் திறந்தது ஆகஸ்ட் 21-ல்தான்.

மாறாக, 1939-ல் அமெரிக்காவின் ஸ்குவாலஸ் 74 மீட்டர் ஆழத்தில் மூழ்கியபோது, மறுநாளே மீட்புக் கூண்டு இறக்கப்பட்டது. 33 பேர் பிழைத்தார்கள்.

இந்தியாவின் நிலை என்ன?

650 மீட்டர் வரை செல்லும் ஆழ்கடல் மீட்பு வாகனம் 2018-ல் இந்தியக் கடற்படையில் சேர்ந்தது. 2021-ல் இந்தோனேசியாவின் நங்காலா மாயமானபோது இந்தியா உதவிக்கு அனுப்பியதும் இத்தகைய வாகனத்தைத்தான். ஆனால் 53 பேருடன் மூழ்கிய அந்தக் கப்பல் உடைந்து கிடந்தது 838 மீட்டர் ஆழத்தில். அங்கே மீட்க யாரும் மிஞ்சவில்லை.

மீட்பு வாகனத்தைச் சுமந்து செல்லும் தாய்க்கப்பலான ஐ.என்.எஸ். நிஸ்தார், 2025 ஜூலையில் விசாகப்பட்டினத்தில் பணியில் சேர்ந்தது. கப்பல் உடையாமல் எட்டும் ஆழத்தில் கிடந்தால், உள்ளே இருப்பவர்களின் உயிர் ஒன்றை நம்பித்தான் இருக்கிறது: இப்படியொரு கப்பல் எத்தனை மணி நேரத்தில் வந்து சேரும்?