அந்த நான்கு எழுத்து

ராணுவ ஆவணத்தில் மனைவியின் பெயர் தப்பாக ஏறினால் 'எழுத்தர் பிழை' என்கிறார்கள். அந்தப் பிழைக்கும் சாதி உண்டு. தாமிரபரணிக் கரையில் ஆதிக்க சாதியினர் எங்கள் பெண்களை ஒருநாளும் 'அம்மாள்' சேர்த்துக் கூப்பிட்டதில்லை. ஊர் கூப்பிட்ட அந்த வெட்டுப்பட்ட பெயரே என் தாத்தாவின் டிஸ்சார்ஜ் புக்கிலும் ஏறியது. ஆச்சியின் ஆதாரில் முழுப்பெயர். தாத்தா இறந்ததும் குடும்ப ஓய்வூதியம் அந்த நான்கு எழுத்தில் சிக்கிக்கொண்டது.

திருத்த வழி இருக்கிறது. சான்றுகளோடு ரெஜிமெண்டின் ரெக்கார்ட் ஆபீசுக்கு விண்ணப்பித்தால், அங்கே 'பார்ட் டூ ஆர்டர்' போடுவார்கள். அதன்பேரில் திருத்திய ஓய்வூதிய ஆணை வரும். ஆனால் பள்ளிக்கூட வாசலே மிதிக்காத ஆச்சியிடம் பள்ளிச் சான்று கேட்டார்கள்.

அம்பேத்கரின் தந்தை ராம்ஜி ராணுவத்தில் சுபேதார். அந்த வேலை ஒரு தலைமுறைக்குக் கல்வி தந்தது. 1892இல் மகர்களுக்கு அந்தக் கதவை அடைத்தார்கள். இன்று கதவு திறந்திருக்கிறது, காகிதம் மறிக்கிறது.

பிழையை எழுதியது அரசு. நிரூபிக்கும் சுமையும் அரசுடையதாகட்டும். கிராம நிர்வாக அலுவலர் விசாரித்துத் தரும் சான்றே போதும் என்று ஆணை வேண்டும்.

தோழர்களே, உங்கள் வீட்டில் முன்னாள் படைவீரர் இருந்தால், அவர் உயிரோடிருக்கும்போதே டிஸ்சார்ஜ் புக்கையும் ஆதாரையும் ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து வேறுபட்டாலும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள்.