நாய் சிரிக்கலைங்க, இரைக்குது!

மலை உச்சி, பின்னாடி வானம், நடுவுல புருஷன் பொண்டாட்டி, முன்னாடி நாக்கைத் தொங்கப் போட்ட நாய். கீழ ஒரு வரி: "எங்க செல்லம் எப்படி சிரிக்குது பாருங்க!" இந்த மாதிரி படத்தைப் பாத்தாலே இப்பல்லாம் எனக்குப் பத்திக்கிட்டு வருது. சிரிக்கலைங்க. உடம்புச் சூட்டை வெளியேத்த முடியாம இரைக்குது.

இதைச் சொல்ல உனக்கென்ன யோக்கியதைன்னு கேக்கறீங்களா? இருக்கு. போன மாசம் நானும் அதே படத்தை எடுக்கத்தான் போனேன்.

தலையாலயே நடந்து கயிலாயம் போன அம்மையார் பொறந்த ஊரு நம்ம காரைக்கால். ஆனா ஏறிப் பாக்க ஊருக்குள்ள ஒரு குன்று கூட கிடையாது. சுவாமிமலைக்குப் போனா அறுபது படி, அதுவும் கட்டின மலை. அதனால செஞ்சி பக்கம் ஒரு மொட்டைப் பாறைக் குன்றுக்கு நான், தங்கமணி, மணி மூணு பேரும் கிளம்பினோம். (மணிங்கறது நாய். இந்தப் பேர் பொருத்தத்துல தங்கமணிக்கு இன்னமும் கோவம் :-)) காலைல அஞ்சு மணிக்குக் கிளம்பி, சிதம்பரத்துல இட்லி, விழுப்புரத்துல டீ, அடிவாரம் சேரும்போது ஒன்பதரை. டெல்டாக்காரன் பண்ற முதல் தப்பே இதான். உள்ளூர்க்காரன் இறங்குற நேரத்துக்கு நாம ஏற ஆரம்பிக்கிறோம்.

பாதி கூட ஏறலை. மணி ஒவ்வொரு பாறை நிழலாத் தேடிப் படுக்க ஆரம்பிச்சான். "வாடா சோம்பேறி"ன்னு சங்கிலியைப் பிடிச்சு இழுத்தேன். எழுதவே கூசுது. அடுத்த பத்து நிமிஷத்துல எச்சில் கெட்டியாகி நூலாத் தொங்குது, பின்னங்கால் பின்னுது, கூப்பிட்டா திரும்பலை. கீழ மர நிழல்ல இருந்த ஆடு மேய்க்கற பெரியவர் குடத்தோட ஏறி வந்தார். "என் ஆடே நெழலுக்கு வந்துடுச்சு, இந்த வெயில்ல அதை எங்கய்யா இழுத்துட்டுப் போறீங்க?" அவர் குடிக்க வெச்சிருந்த தண்ணி மொத்தமும் மணி மேலதான் போச்சு. தங்கமணி துப்பட்டாவால விசிறிக்கிட்டே அழுதா. அந்தத் தண்ணிதான் காப்பாத்துச்சுன்னு அப்புறம் கால்நடை டாக்டர் சொன்னார். முதல்ல உடம்பைக் குளிர வைக்கணும், அப்புறம்தான் வண்டியில தூக்கிப் போடணுமாம்.

"நாய் ஓடப் பொறந்த ஜீவன் சார்"னு ஒரு கோஷ்டி சொல்லும். நமக்கு உடம்பு பூரா வேர்க்கும். நாய்க்குப் பாதத்துல மட்டும் கொஞ்சூண்டு. மீதியெல்லாம் நாக்கும் மூச்சும்தான். சாதாரணமாவே அது உடம்பு 38, 39 டிகிரி செல்சியஸ்ல இருக்கும். 41ஐத் தாண்டினா உள்ளுறுப்பு கெட ஆரம்பிக்கும். இடையில ரெண்டே டிகிரி! நீங்க ஷூ போட்டு மிதிக்கிற அந்தக் கருங்கல்லுல வெறுங்கையை ஒரு நிமிஷம் வெச்சுப் பாருங்களேன்.

"நாட்டு நாய் தாங்கும்"னு இன்னொரு கோஷ்டி. மணியும் நாட்டு நாய்தான். வெயில் ஏறினா தெருவுல நாட்டு நாய் என்ன பண்ணுது? லாரிக்கு அடியில படுத்துத் தூங்குது. அதுக்குத் தெரிஞ்சது பி.ஈ. படிச்ச எனக்குத் தெரியலை. விட்டா அது நிழலுக்குப் போயிடும். நாம முன்னாடி நடந்தா மட்டும், விழற வரைக்கும் பின்னாலயே வரும். அந்த விசுவாசத்தை சம்மதம்னு நாம எடுத்துக்கறோம்.

சரி, குளிர்ந்த மலைக்குக் கூட்டிட்டுப் போறேங்கறீங்களா? அது காடு, வேற வம்பு. நாய்கிட்டேருந்து பரவற டிஸ்டம்பர் வைரஸ் 1994ல செரெங்கெட்டியில சுமார் ஆயிரம் சிங்கத்தைக் கொன்னுது. 2018ல நம்ம கிர் காட்டுக்கும் வந்துது. உங்க நாய்க்கு ஊசி போட்டிருக்கலாம். அது மானைத் துரத்தறதை எந்த ஊசி நிறுத்தும்?

அப்ப நாய் வளக்கறவன் மலையே ஏறக்கூடாதா? தாராளமா ஏறுங்க, நாயை வீட்ல விட்டுட்டு. நாங்க அடுத்த தடவை அப்படித்தான் போறோம். மணியைப் பாத்துக்க அம்மா ஒத்துக்கிட்டாங்க. ஒரே கண்டிஷன், ரெண்டு நாளைக்கு வேண்டிய மீன் தலையை வாங்கி வெச்சுட்டுப் போகணுமாம்.