ஒரு விளம்பரம், ஐந்து வேலைகள்

வங்கிக் கணக்கு தொடங்கப் போனவரிடம், கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டினால்தான் ஆச்சு என்றார்கள். அமில வீச்சில் கண்களும் இமைகளும் சிதைந்துபோன பெண் எப்படிச் சிமிட்டுவார்? அவர் தொடுத்த வழக்கிலும், பார்வையற்ற ஒருவர் தொடுத்த வழக்கிலும் சேர்த்து 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் அங்கம் என்றது நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு. வாடிக்கையாளரின் அடையாளத்தை இணையவழியில் சரிபார்க்கும் இ-கேஒய்சி நடைமுறையைச் சீர்செய்ய 20 உத்தரவுகளையும் பிறப்பித்தது.

அடையாளச் சோதனைக்கான விதியை வகுப்பவர்கள் வேறு. ஆனால் அந்த விதி ஒரு திரையாக மாறும்போது, 'சிமிட்ட முடியாதவர் என்ன செய்வார்?' என்று கேட்பது யார் பொறுப்பு? பல நிறுவனங்களில் அப்படி ஒரு பொறுப்பே யாருக்கும் தரப்படுவதில்லை.

வேலைவாய்ப்பு விளம்பரங்களைப் பார்த்தாலே காரணம் புரிந்துவிடும். 'ஃபிரன்ட்-எண்ட் டெவலப்பர் தேவை' என்று ஒரு வரி, அதாவது பயனர் பார்க்கும் திரைகளை உருவாக்குபவர் தேவை. கீழே ரியாக்ட், டைப்ஸ்கிரிப்ட், ஃபிக்மா, சிஎஸ்எஸ், ஏபிஐ இணைப்பு, வேகப்படுத்துதல், டெஸ்டிங் என்று பட்டியல் நீளும். இது ஓர் ஆளுக்கான வேலை அல்ல. குறைந்தது ஐந்து பேருடைய வேலை.

தொண்ணூறுகளில் ஒருவரே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள முடிந்தது. 'வெப்மாஸ்டர்' என்பார்கள். பக்கம் என்றால் எழுத்து, படம், சில இணைப்புகள், அவ்வளவுதான். 1995-இல் பக்கத்தை இயங்கவைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழி பிறந்தது. 2005-இல் வந்த கூகுள் மேப்ஸ், பிரவுசருக்குள்ளேயே முழு மென்பொருளை ஓட்டலாம் என்று காட்டியது. 2013-இல் ஃபேஸ்புக், ஜாவாஸ்கிரிப்ட் நூலகமான ரியாக்டை வெளியிட்டது. அதன்பின் இந்தத் துறை இரண்டாகப் பிளந்தது. 2019-இல் அமெரிக்க வெப் டெவலப்பர் கிறிஸ் காயர் இதையே ஒரு கட்டுரையில் வெளிப்படையாக எழுதினார்: ஒரு பக்கம் ஜாவாஸ்கிரிப்டிலேயே வாழ்பவர்கள், மறுபக்கம் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், வடிவமைப்பு, எல்லோரும் அணுகும் வசதி ஆகியவற்றில் தேர்ந்தவர்கள். இருவருக்கும் பதவிப் பெயர் மட்டும் ஒன்று.

இன்னும் நுணுகிப் பார்த்தால் அந்த ஐந்து பேரும் தெரிவார்கள். யூஎக்ஸ் டிசைனர், பயன்படுத்துவோரிடம் பேசி, எந்தத் திரைக்குப் பின் எது வர வேண்டும் என்று முடிவு செய்கிறார். யுஐ டிசைனர் நிறம், எழுத்துரு, இடைவெளி ஆகியவற்றைத் தீர்மானிக்கிறார். சர்வரிலிருந்து தகவலை வாங்கி, திரையில் உடனுக்குடன் மாற்றிக் காட்டுபவர் ஜாவாஸ்கிரிப்ட் பொறியாளர். வேகத்தைக் கவனிப்பதும் தனி வேலைதான். பயனர் காத்திருக்கும் நேரத்தில் 80 முதல் 90 சதவீதம் சர்வரில் கழிவதில்லை, பிரவுசர் பக்கத்தில்தான் கழிகிறது என்று யாஹூவில் பணியாற்றிய ஸ்டீவ் சௌடர்ஸ் 2007-லேயே எழுதினார்.

ஐந்தாமவர்தான் அதிகம் புறக்கணிக்கப்படுபவர். வடிவமைப்பைச் சரியான எச்டிஎம்எல்லாகவும் சிஎஸ்எஸ்ஸாகவும் மாற்றுபவர் அவர். 'அதெல்லாம் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம்' என்று பேசப்படும் வேலை. ஒரே ஓர் உதாரணம் போதும். 'பணம் அனுப்பு' என்ற பட்டனை எச்டிஎம்எல்லின் 'பட்டன்' குறியால் எழுதினால், விசைப்பலகையின் டேப் விசையால் அதை அடையலாம், என்டர் தட்டினால் இயங்கும், திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் மென்பொருளான ஸ்கிரீன் ரீடர் அதைப் 'பட்டன்' என்றே வாசிக்கும். வெறும் 'டிவ்' குறியில் நிறமடித்துப் பட்டன்போல் செய்தால் பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் பார்வையற்றவருக்கு அங்கே பட்டனே இல்லை.

இது எங்கோ ஓரிரு தளங்களில் நடக்கும் பிழை அல்ல. அமெரிக்காவின் வெப்எய்ம் அமைப்பு ஆண்டுதோறும் 10 லட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதிக்கிறது. 2025-இல் அவற்றில் 94.8 சதவீதப் பக்கங்களில் அணுகல் விதிமீறல்கள் தென்பட்டன. மங்கலான எழுத்து, விளக்கமில்லாத படம், பெயரில்லாத படிவக் கட்டம் ஆகியவையே பெரும்பாலும். எல்லாமே ஐந்தாமவர் இருந்தால் எளிதில் திருத்தக்கூடியவை.

தமிழ்ப் பக்கங்களில் இந்தக் குறை இன்னும் உறுத்தும். 'சப்மிட்' என்ற சொல்லுக்கு அளந்து செய்த பட்டனில் 'சமர்ப்பிக்கவும்' அடங்காமல் வெட்டுப்படுகிறது. வரி இடைவெளியைக் குறுக்கினால் 'கி', 'கீ' போன்ற எழுத்துகளின் கொக்கி மறையக்கூடும். பக்கத்தின் மொழி தமிழ் என்று குறிக்காவிட்டால், ஸ்கிரீன் ரீடர் அதை ஆங்கிலக் குரலில் வாசிக்கக்கூடும். கேட்பவருக்கு ஒன்றும் புரியாது.

ஆட்களைத் தேர்வு செய்யும் முறையும் மாற வேண்டும். நேர்காணலில் டேட்டா ஸ்ட்ரக்சர் கேள்விகளை அடுக்குகிறவர்கள், ஒரு படிவத்தை மவுஸ் இல்லாமல் நிரப்பும்படி செய்துகாட்டச் சொல்வது அரிது. பயிற்சி மையங்கள் எச்டிஎம்எல்லைச் சில நாள்களில் முடித்துவிட்டு ரியாக்டுக்குத் தாவுகின்றன. இது பெரிய தவறு.

உச்ச நீதிமன்ற உத்தரவின்படி நிதி நிறுவனங்கள் அணுகல் தரங்களைப் பின்பற்ற வேண்டும். அவ்வப்போது சான்று பெற்ற வல்லுநர்களைக் கொண்டு தணிக்கையும் செய்ய வேண்டும். தணிக்கையில் வெளிப்படும் குறைகளைத் திருத்தும் ஆளும் நிறுவனத்துக்குள் இருக்க வேண்டுமல்லவா? ஆகவே நிறுவனங்கள் விளம்பரத்தில் வேலையைப் பிரித்துச் சொல்லட்டும். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் வல்லுநருக்கு ஜாவாஸ்கிரிப்ட் பொறியாளருக்கு இணையான பதவியும் ஊதியமும் கொடுக்கட்டும். வேலை தேடும் இளைஞர்களும் நேர்காணலில் தயங்காமல் கேட்கட்டும்: 'இந்தக் குழுவில் அணுகல் வசதிக்குப் பொறுப்பு யார்?'